கோவை பக்தன் எழுதியது

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எதிரெதிராக இரண்டு மெஸ். ஒன்று தங்கவேலுவுடையது, மற்றது ரத்தினம்மாவுடையது. இருவருமே ஆந்திர எல்லையிலுள்ள நகரிப் பக்கத்துத் தமிழர்கள். கூட்டம் மட்டும் ரத்தினம்மா கடையில். அந்த வயிற்றெரிச்சலில் தங்கவேலு 'கோவை பக்தன்' என்ற பெயரில் கூகுளில் புகுந்து அவள் மெஸ்ஸுக்கு ஒற்றை ஸ்டார் போட்டான், மூன்று வரியும் எழுதினான். அதை யாரோ படம் பிடித்து பக்தர்களை ஏற்றிவரும் வேன் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட, பத்தே நாளில் அவள் வாசலில் வேன்கள் நிற்பது நின்றுபோயிற்று. இவன் கடை நிரம்பி வழிந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கவே கூசியது.

ஒருநாள் காலை ரத்தினம்மாவே போனோடு வந்தாள்.

"தம்பி, என்னைப் பத்தி இன்னாவோ எழுதிகீறாங்களாம். நான் தெலுகு மீடியம், தமிழ் பேசத்தான் வரும். நீ திருத்தணியில படிச்சவனாச்சே, படிச்சி சொல்லு."

செய்த பாவத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டியதாயிற்று.

"'சோறு துன்னவே முடியல. வயிறு நோவுது. யாரும் போவாதீங்க.' கோவை பக்தனாம், அக்கா."

"கோயமுத்தூர்க்காரன் துன்னன்னா சொல்லுவான்? இது நம்ப பக்கத்து ஆளு தம்பி."

பெயரை மாற்றிய புத்திசாலி பேச்சை மாற்ற மறந்திருந்தான்.

"நம்ப ஆளுன்னா மெய்யாவே நொந்துதான் இருக்கும். பதில் எழுது. 'மன்னிச்சிக்கோ. ஒரு தபா வா. என் கையால போடறேன், துன்னுட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லு.' இந்த மாசத்துக்குள்ள வரலன்னா கடைய மூடிட்டு ஊருக்கே போய்டறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் எழுத்து எழுத்தாக அவள் போனில் தட்டினான். அவள் போனதும் தன் மூன்று வரியை அழித்தான். டிரைவர்கள் போனில் இருந்த படத்தை எப்படி அழிப்பது? எதிர்க்கடையில் அந்த ஆளுக்கென்று வாசலோரம் தினமும் ஓர் இலை விரிந்து கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

நாலாம் நாள் மதியம், தன் கடையில் சாப்பிட உட்கார்ந்த ஐந்து டிரைவர்களையும் எழுப்பிக்கொண்டு தெருவைக் கடந்தான். நேராகப் போய் அந்த இலையின் முன் உட்கார்ந்தான்.

"இன்னாடா, உன் கடையில சோறு தீந்துபோச்சா?" என்றாள் ரத்தினம்மா.

"நீ கூப்ட்ட ஆளு நான்தான்க்கா. உன் சோத்துல ஒரு கொறையும் இல்ல. எழுதனது அத்தனையும் பொய்யி."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்டி அவள் கையிலேயே நின்றது. திட்டுவாள் என்று தலையைக் குனிந்திருந்தான். இலையில் சோறு விழுந்தது, மேலே குழம்பும்.

"துன்னு," என்றாள். "வயிறு நோவாது."