மூக்கைச் சுளிக்காதவர்கள்

டெல்ஃபினுக்கு வாசனை தெரியாமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊரே முகமூடி போட்டுத் திரிந்த காலத்தில் வந்த காய்ச்சல் போய்விட்டது. போன மூக்கு மட்டும் திரும்பவில்லை. மனைவி ரோசெல் காலையில் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். இவன், "இன்னிக்கு முட்டையா?" என்பான்.

இது ரோசெல் ஒருத்திக்குத்தான் தெரியும். டெல்ஃபின் கப்பல் இன்ஜினியர். கப்பலேறும் முன் கண், காது, பல், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். மூக்கை யாரும் விசாரித்ததில்லை. டீசல் கப்பலின் இன்ஜின் அறையில் மூக்கு இல்லாதது ஒரு சலுகை என்றுகூடச் சொல்லலாம்.

டீசலுக்குக் காலம் முடிகிறது என்று மணிலா முழுக்கப் பேச்சு கிளம்பியதும்தான் சிக்கல். இனிக் கப்பல்கள் அமோனியாவில் ஓடும், புதுப் பயிற்சி எடுக்காத இன்ஜினியர்கள் ஊருக்குப் போய் சவாரி ட்ரைசைக்கிள் ஓட்டலாம் என்று கப்பலுக்கு ஆளெடுக்கும் ஏஜென்சி அன்போடு சொல்லிவிட்டது. டெல்ஃபினுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். 'எதிர்காலத் திறன் பயிற்சி' என்று பேனர் கட்டிய வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

பயிற்சியாளர் எவாரிஸ்தோ, ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர்.

"அமோனியாக் கப்பல யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"நானும் பாத்ததில்ல. இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதனால எல்லாரும் சமமா ஆரம்பிப்போம்."

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு டெல்ஃபின் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கருவி பொய் சொல்லும், மூக்கு சொல்லாது. லேசாக் கசியும்போதே மூக்கு காட்டிக் குடுத்துரும். கண்ணு எரிய ஆரம்பிச்சா லேட்டாயிடுச்சுன்னு அர்த்தம். நெஞ்சு எரிஞ்சா, உங்க வீட்டுக்கு நாங்க போன் பண்ணிருவோம்."

பக்கத்தில் இருந்த நோனோய் இன்ஜின் அறைத் தொழிலாளி, வாய் ஓயாதவன். "எனக்கு என்ன பயம்ண்ணே? எங்க மாமியார் வீட்டு பாத்ரூம்லயே ட்ரெய்னிங் முடிச்சவன் நான்" என்றான்.

செய்முறைத் தேர்வில் மூடிய அறைக்குள் ஒரு சின்ன அமோனியாப் புட்டியைத் திறந்து வைத்தார்கள். உள்ளே போய், கடைசியில் இருக்கும் வால்வை மூடிவிட்டு வரவேண்டும். நோனோய் உள்ளே போனான். அவன் முகம் கசக்கிய காகிதம் மாதிரி சுருங்கியது. போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில், வாசலில் கிடந்த பெஞ்சைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். மற்றவர்கள் இருமினார்கள், மூக்கைப் பொத்தினார்கள், பாதியில் திரும்பினார்கள்.

டெல்ஃபின் சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்து போய், வால்வை மூடிவிட்டு, அதே நடையில் வந்தான்.

எவாரிஸ்தோ கைதட்டினார். "பாருங்கடா! மூஞ்சில ஒரு சுளிப்பு உண்டா? இதான் நிதானம். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது!"

அது உண்மைதான்.

சாயந்திரம் டெல்ஃபின் அவரைத் தனியாகப் பார்த்தான். "சார், ஒரு விஷயம். எனக்கு அந்த வாசன..."

"பழகிப்போச்சுன்னு சொல்லப் போற. அடக்கம் போதும்ப்பா. உன்னத்தான் புதுக் கப்பல்ல கசிவு கண்டுபிடிக்கிற குழுவுக்குத் தலைவனா எழுதி அனுப்பியிருக்கேன்."

இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"சொல்லிட்டியா?" என்றாள் ரோசெல்.

"சொல்லத்தான் போனேன்."

"போனத கேக்கல. சொன்னியா?"

"குழுவுல அஞ்சு பேரு, ரோசெல். மத்த நாலு பேருக்கு மூக்கு இருக்கும்ல? அவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பேன். ஒருத்தன் சுளிச்சாலும் போதும், எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வந்துருவேன்."

"அவங்க உன்ன நம்பி வர்றாங்க. நீ அவங்க மூக்க நம்பிப் போற. நல்லாயிருக்கு" என்றவள், அவன் பையில் ஜெபமாலையைத் திணித்தாள்.

கப்பல் கட்டி முடிந்து, கிளம்பியும் விட்டது. மணிலாவைப் போலவே இலோய்லோ, செபு, தவாவ், பதங்காஸ் என்று ஊருக்கு ஒரு பயிற்சி மையம்; மையத்துக்கு ஒருவராக, நிதானத்தில் முதலிடம் பிடித்தவர்களைக் கப்பல் கம்பெனி குழுவுக்குப் பொறுக்கி எடுத்திருந்தது. நோனோய்க்குக் குழுவில் இடமில்லை. சாதாரணத் தொழிலாளியாக அதே கப்பலில் வந்தான்.

முதல் நாள் சாப்பாட்டில் ஐந்து பேரும் மிளகாய் வினிகரைச் சோற்றில் குளம் கட்டினார்கள். டெல்ஃபினுக்கு நாலு வருஷமாகச் சோற்றில் தெரிவது அந்தக் காரம் ஒன்றுதான். ரசனை ஒத்த ஆட்கள் கிடைத்தார்களே என்று சந்தோஷப்பட்டான்.

கசிவைக் காட்டும் கருவி, கழிப்பறை கழுவும் திரவத்துக்கெல்லாம் அலறியது. தூக்கம் கெடுகிறதென்று கப்பலின் சீஃப் இன்ஜினியர் அதை அணைத்து வைத்தார். அடுத்த துறைமுகத்தில் ஆள் வந்து பார்ப்பாராம். "நீங்க அஞ்சு பேரு இருக்கும்போது இது எதுக்கு?" என்றார்.

அடுத்த நாள் மதியம், எரிபொருள் அறையை ஒட்டிய சின்ன அறையில் ஐவரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபின் சீட்டைப் பார்க்காமல் நாலு முகங்களையே மாறி மாறிப் பார்த்ததால் தோற்றுக்கொண்டிருந்தான். மற்றவர்களும் அப்படி ஒன்றும் நன்றாக ஆடவில்லை. அவர்களும் சீட்டைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கவனமான குழு.

கதவைத் தள்ளிக்கொண்டு நோனோய் தலையை நீட்டினான். "தலைவரே, கரோக்கி ரெடி. நீங்க வந்து பாடுனா மழ..."

பேச்சு நின்றது. அவன் முகம் கசக்கிய காகிதம் மாதிரி சுருங்கியது. அடுத்த நொடி வாசலில் அவன் இல்லை. நடைவழியில் ஏதோ கவிழ்ந்து உருளும் சத்தம் கேட்டது.

டெல்ஃபின் சட்டென்று நாலு முகங்களையும் பார்த்தான். ஒன்றிலும் ஒரு சுளிப்பு இல்லை. நாலு ஜோடிக் கண்களும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

தவாவ்காரன்தான் மெதுவாகக் கேட்டான். "தலைவரே... உங்களுக்கு ஏதாவது வாசன வருதா?"

"உனக்கு?"

அவன் கண்ணைக் கசக்கினான். டெல்ஃபினுக்கும் கண் எரிய ஆரம்பித்திருந்தது.