மெழுகு உருளைக்கு ஒரு ஃப்ரீசர் பாக்ஸ்

அது கிராமபோன் இல்லை. இதை வியாசர்பாடியில் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. தட்டு சுற்றினால் கிராமபோன். என்னிடம் இருப்பது போனோகிராஃப். அதில் சுற்றுவது டம்ளர் அளவில், உள்ளே பொள்ளலாக இருக்கும் ஒரு மெழுகு உருளை. வயதில் இது அண்ணன், கிராமபோன் தம்பி. தம்பி ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டான் என்பதற்காக அண்ணனையும் அவன் பேரைச் சொல்லியா கூப்பிடுவார்கள்?

என் பெயர் பகலவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். நாளெல்லாம் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் உட்காருகிற இடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, சாவி கொடுத்து, கூம்புக்கு அருகில் காதை வைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரலைக் கேட்பது என்ன சுகம் தெரியுமா? கரன்ட் வேண்டாம், நெட் வேண்டாம். எவனோ ஒருத்தன் கூம்புக்குள் கத்தினான், ஊசி நடுங்கியது, மெழுகில் கோடு விழுந்தது. அவ்வளவுதான். உருளையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். குரலைக் கண்ணால் பார்க்க முடியும் என்று நான் சொன்னால், என் மனைவி மலர்க்கொடி, "எனக்கு அந்த சத்தம் ஈயம் பூசறவன் பாத்தரம் தேய்க்கிற மாரி கீது" என்பாள்.

என்னிடம் உள்ள உருளைகளில் ஒன்றை மட்டும் நான் கேட்டதே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் கொடுங்கையூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. பழுப்பு மெழுகு, மிகப் பழசு. கம்பெனிக்காரனின் அச்சடித்த சீட்டு அதில் இல்லை. அப்படியென்றால் யாரோ வீட்டில் உட்கார்ந்து தாங்களே பதிந்தது. போனோகிராஃபில் அந்த வசதி உண்டு, பாட்டும் போடலாம், பேசியும் பதியலாம். தம்பிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மூடியில் பென்சிலால் 'ராயபுரம்' என்று மட்டும் கிறுக்கியிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ராயபுரத்துக் குரல் ஒன்று என் பீரோவில், புடவைக்கும் போர்வைக்கும் நடுவில், வாயை மூடிக்கொண்டு கிடந்தது. அதைக் கேட்காமல் செத்துவிடுவேனோ என்பதுதான் என் ஒரே பயம்.

போட்டுக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். முடியாது. என் மெஷினில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ், அதாவது ஊசியும் தகடும் சேர்ந்த அந்தச் சின்ன உறுப்பு, கனமானது. இந்த மெழுகோ வெண்ணெய். ஓட்டினால் சீவித் தள்ளிவிடும். இதற்கேற்ற மெல்லிய சவுண்ட் பாக்ஸ் எனக்குத் தெரிந்து ராயபுரத்து லூயிஸ் அண்ணனிடம்தான் உண்டு. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். அவரிடம் சவுண்ட் பாக்ஸ் உண்டு, மெஷின் இல்லை. என்னிடம் மெஷின் உண்டு, சவுண்ட் பாக்ஸ் இல்லை. "நீ எடுத்துகினு வா" என்று அவர், "நீங்க எடுத்துகினு வாங்க" என்று நான். இப்படியே ஆறு வருடம் ஓடியது. இந்த மே மாதம்தான் மனுஷர் இறங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன், ஆனால் நீயே நேரில் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் கத்திரி வெயில் கொளுத்தியது. எங்கள் வீடு போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி, தலைக்கு மேல் மொட்டைமாடி. சனிக்கிழமை உருளையைத் தொட்டால் விரல் ரேகை பதிகிறது. ஒரே நாள் தாங்கினால் போதும். ஃப்ரிட்ஜில் வைக்க மலர்க்கொடி விடவில்லை. "போன வர்ஷம் வெச்சியே, இன்னா ஆச்சி? மெழுகுல வஞ்சிரம் வாசன, மாவுல மெழுகு வாசன. தூக்கினு போ" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

என் தோஸ்து ஜெயவேல்தான் கை கொடுத்தான். ஷாமியானா, சேர், சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். "மாமு, ஒரு பொட்டி சொம்மாதான் கீது. நாளிக்கு வெச்சிக்கோ" என்றான். எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், எனக்கு அன்று புத்தியும் வேலை செய்யவில்லை.

ஞாயிறு காலை மலர்க்கொடி திருவொற்றியூரில் இருக்கும் தன் தங்கை செங்கொடி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உருளையைப் பஞ்சில் சுற்றி, ஈரம் உறிஞ்சுவதற்காக ஒரு பிஸ்கட் டின்னில் அரிசி நிரப்பி அதில் புதைத்து, டின்னை நெஞ்சோடு அணைத்து, மேலே துண்டைப் போர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் தேவகிருபை அக்கா பைபிளோடு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தெற்கே நாசரேத்துப் பக்கத்துக்காரர். "என்ன அண்ணே, இப்படி வேர்க்குது, முடியலையா?" என்றார். டின் ஆடிவிடுமோ என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் போன பிறகு குட்டியானை வண்டியில் பெட்டி வந்தது. மாடிப்படியில் திரும்பவில்லை. அக்கா கடை வாசலிலேயே இறக்கி, அங்கிருந்த ப்ளக்கில் சொருகி, டின்னை உள்ளே வைத்தோம். கண்ணாடி மேல் வெயில் படாமல் இருக்க என் வெள்ளை வேட்டி ஒன்றை மூடினேன். ஜெயவேல் புளியந்தோப்பில் ஒரு நிஜச் சாவுக்கு ஓடிவிட்டான். நான் ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். செல்போன் மாடியில், பூட்டிய வீட்டுக்குள், சார்ஜில் இருந்தது.

லூயிஸ் அண்ணன் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆனது. சவுண்ட் பாக்ஸை முதலில் பட்டுத் துணியில் சுற்றினார், பிறகு கைக்குட்டையில், பிறகு தன் மங்கிகேப்பில். ஒருவழியாக எங்கள் தெருமுனையில் இறங்கினால், பறைச் சத்தம். குடியிருப்பு வாசலில் ஷாமியானா.

"யாரோ பூட்டாங்க போல. வெறுங்கையோட போவக் கூடாது" என்று லூயிஸ் அண்ணன் முனைக் கடையில் ஒரு ரோஜா மாலை வாங்கினார். மரியாதை தெரிந்த மனுஷர். அவர் கையில் சவுண்ட் பாக்ஸ் இருந்ததால் மாலையை நான் தூக்கிக்கொண்டேன்.

பறை அடித்துக்கொண்டிருந்தவரிடம் யார் என்று கேட்டேன்.

"யாரோ பகலவனாம் நைனா. காலைல நெஞ்ச புடிச்சிகினு போனாராம், அவ்ளோதான். பாடி இன்னும் வர்ல."

நான்தான் பகலவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுவரில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. கண்ணீர் அஞ்சலி. ஏதோ கல்யாணத்தில் எடுத்த என் போட்டோ, தோளில் வேறு யாருடைய கையோ. கீழே கொட்டை எழுத்தில் 'கிராமபோன் பகலவன்'. செத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுப்பது?

நடந்தது இவ்வளவுதான். ஜெயவேலின் ஆட்கள், பெட்டி போன இடத்துக்குப் பழக்கதோஷத்தில் ஷாமியானாவும் நாற்பது சேரும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். சர்ச்சிலிருந்து வந்த தேவகிருபை அக்கா வேட்டியை விலக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே மூடி போடாத டின் நிறைய அரிசி, நடுவில் எட்டிப் பார்க்கிற பஞ்சு. "வாய்க்கரிசி, மூக்குக்குப் பஞ்சு எல்லாம் எடுத்து வச்சிருக்காவ. ஆஸ்பத்திரியில இருந்து இனி கொண்டு வரணும் போல" என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாம் பௌத்த முறை, வாய்க்கரிசி போடுகிற வழக்கமே கிடையாது. அதை யோசிக்க யாருக்கு நேரம்? எனக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. மலர்க்கொடிக்கு 'ஒடனே வா' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி. மடியில் பிஸ்கட் டின். பஞ்சை உரித்துப் போட்டுவிட்டு உருளையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். "இதக் கேக்கணும் கேக்கணும்னு உசுர வுட்டியே, கேக்காமலே பூட்டியே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். பறை ஒவ்வொன்றாக நின்றது.

"எங்க பூட்டிருந்த?"

"ராயபுரம்."

"போன் இன்னாச்சி?"

"வூட்ல கீது."

உருளையைத் தேவகிருபை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து என் முதுகில் பளார் பளார் என்று நாலு வைத்தாள். ஐந்தாவதாக ஓங்கிய கை அப்படியே சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அக்கா கையிலிருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் போனது. உருளையில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு விரிசல். ஃப்ரீசரில் ஜில்லிட்டிருந்த மெழுகு, கைச்சூடு பட்டதும் விட்டுப்போயிருக்கிறது. 'யார் உன்னைத் தொடச் சொன்னது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் முந்திக்கொண்டாள். "நீ பூட்டேன்னு நெனச்சிக்கினேன். கைல இன்னா கீதுன்னு பாக்கல."

நான் உருளையை வாங்கி லூயிஸ் அண்ணன் கையில் வைத்தேன்.

லூயிஸ் அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டாவல. ஒரு வாட்டி சுத்தும். அதுக்கு மேல எம்மேல பழி போடாத" என்றார். மேலே எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரப்படுத்தலாம், ஒட்டுவதற்கு வழி தேடலாம் என்று நான் இழுத்தேன்.

"இன்னும் ஆறு வர்ஷம் பீரோல வெச்சி கும்புடப் போறியா? எறக்கு மிஷின. இப்பவே போடு" என்றாள் மலர்க்கொடி.

மெஷினை இறக்கி ஃப்ரீசர் பாக்ஸ் மேலேயே வைத்தோம். நாற்பது சேரும் நிரம்பியிருந்தன. பிணம் இல்லை என்று தெரிந்தும் ஒருவரும் எழவில்லை, டீ வேறு சொல்லியாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த அதிகபட்ச ரசிகர் கூட்டம் மூன்று பேர், அதில் ஒருவர் தூங்கிவிட்டார். லூயிஸ் அண்ணன் சவுண்ட் பாக்ஸை மாட்டினார். நான் சாவி கொடுத்தேன்.

கர கர என்று ஓடியது. விரிசல் வரும்போதெல்லாம் ஒரு டக். கவர்னர் பேச்சோ, பெரிய வித்வான் பாட்டோ என்று ஆறு வருடமாகக் கற்பனை செய்திருந்தேன். கரகரப்புக்கு நடுவிலிருந்து ஓர் ஆண் குரல் எழுந்தது.

"இன்னா... டக்... கேக்குதா?"

கூட்டத்தில் யாரோ, "கேக்குது நைனா" என்றார்கள்.

இருமல். டக். "கேக்குதா? ஒண்ணு... டக்... ரெண்டு... கேக்குதா?"

அவ்வளவுதானா என்று நினைத்தேன். நூறு வருடம் தாண்டி வந்த ராயபுரத்துக் குரல், மைக் டெஸ்டிங். திடீரென்று கூம்பே அதிர்கிற மாதிரி ஒரு பெண் குரல்:

"எத்தினி வாட்டி கேப்ப அந்தப் பொட்டிய? டக். சோறு ஆறிப்பூச்சி. எந்திரி."

போனோகிராஃப் தூரத்துச் சத்தத்தைப் பதியாது. இவ்வளவு தெளிவாக விழ வேண்டுமென்றால், அந்தம்மா எழுந்து வந்து, புருஷனை ஒதுக்கிவிட்டு, கூம்புக்குள் வாயை வைத்தே திட்டியிருக்கிறாள். நாற்பது தலையும் ஒரே நேரத்தில் மலர்க்கொடி பக்கம் திரும்பின. அதே சுற்றில் உருளை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பறைக்காரர்கள் தாங்களாகவே ஒரு அடி அடித்தார்கள். லூயிஸ் அண்ணன் கண்ணைத் துடைக்க மங்கிகேப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கேட்டாயிற்று. என்னை மாதிரியே ஒருத்தன் இருந்திருக்கிறான், அவனுக்கும் ஒருத்தி வாய்த்திருக்கிறாள்.

மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு துண்டையும் எடுத்தாள். இத்தனை வருடத்தில் உருளையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"அந்தம்மா பேரு இன்னா?"

நான் லூயிஸ் அண்ணனைப் பார்த்தேன். எந்த ஸ்பிரிங் எந்த வருடம் செய்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷர், ஷாமியானாவைப் பார்த்தார்.

"தெரியாது" என்றேன்.

துண்டுகளை அரிசிக்குள் வைத்து டின்னை மூடி என் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல அத்தக் கண்டுபுடி. அப்பறமா சாவு."