லண்டன்–மெட்ராஸ்: பத்து மணி நேரம், நான்கு நிறுத்தம்

1.
இந்தக் கதை என் தப்புக் கணக்கில் பிறந்தது. எழுதிக் கிழித்த தொடக்கங்களில் ஒன்று:

"1969 மே மாதம். லண்டன் விமான நிலையத்தில் மழை..."

அங்கே மழையா வெயிலா, எனக்கு எப்படித் தெரியும்? நான் ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கிளார்க். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

2.
பக்கத்து வீட்டு கஸ்பார் மாமா திங்கட்கிழமை செத்துப்போனார். மகன் லூயிஸ், என் தோஸ்து, லண்டனில் ஓட்டல் வேலையில் இருந்தான். தந்தி அடித்தோம். செவ்வாய் மாலை பதில் வந்தது: இன்று காலை விமானம் ஏறுகிறேன்.

காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ்தான் மாமாவுக்கும். கத்திரி வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் மகன் அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும். மாமாவின் மனைவி வியாகுலம்மாள் அத்தைக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அருளு, புள்ள எப்போ வந்து சேருவான்? நீ ஆர்பர்ல கீற, ஒனக்குத் தெரியும்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெருவே என் வாயைப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

3.
(கணக்கு பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். என்னால் முடியாது.)

தூரம் ஐயாயிரம் மைல் சொச்சம். மணிக்கு ஐந்நூறு மைல் என்றால் பத்து மணி நேரம். வழியில் நான்கு இடத்தில் இறங்கும் என்று பேப்பரில் படித்திருந்தேன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். இடம் காலியானால்தான் உள்ளே விடுவார்கள். பதினோரு வருஷம் அதையே பார்த்தவன், விமானத்துக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கு அரை நாள் போட்டேன். (ஒரு மணி நேரம்தான் நிற்குமாம். பிறகு தெரிந்துகொண்டேன்.)

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆவும் அத்தே."

அதுவரை ஐஸ் தாங்காது. புதன் காலை பத்து மணிக்கு ஆணி அடித்துப் புதைத்துவிட்டோம். ஒன்றரை மணிக்கு லூயிஸ் டாக்சியில் வந்து இறங்கினான்.

4.
மாற்று முடிவுகள்.

(அ) பம்பாயில் விமானம் பழுதாகி லூயிஸ் வியாழன் மாலைதான் வருகிறான். என் கணக்கு சரி. இதை எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கக்கேடு.

(ஆ) கல்லறையைத் தோண்டி, பெட்டியைத் திறந்து, அப்பன் முகத்தை... வேண்டாம்.

நடந்தது இதுதான்.

"யாரு மூடச் சொன்னது?" என்றான் லூயிஸ்.

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நாந்தான்டா சொன்னேன்."

"ஒரு நாளு பொறுக்க முடியலியா ஒனக்கு?"

மூன்றாம் நாள் திரும்பிப் போனவன்தான். ஐந்து வருஷமாக அவளுக்கு ஒரு வரி போடவில்லை.

5.
அத்தைக்கு எழுதத் தெரியாது. மாதாமாதம் அவள் சொல்லச் சொல்ல நான்தான் அவனுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரு கடிதத்திலும் அவள் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. மன்னிப்பா, இல்லை இனி யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பா? இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை.

நேற்றும் வந்தாள். "ஒடம்பு முடியலன்னு எயுது. ஒரே ஒரு தபா வந்துட்டுப் போவச் சொல்லு."

எழுதினேன். தாளின் அடியில் நான்கு விரல் இடம் மிஞ்சியது.

"எல்லாம் எயுதிட்டியா அருளு?"

"எழுதிட்டேன் அத்தே."

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. வாசகரே, நீங்களாவது எழுதிவிடுங்கள். எனக்குக் கை வரவில்லை.