நீட்டிக்கொண்டிருந்த மூலை

என் கணவர் பேருந்து ஓட்டுநர். சம்பளத்தைக் கொடுத்து ரூபாய் நோட்டு வாங்கி, அதை ஆல்பத்தில் பூட்டி வைக்கும் மனிதரை எங்கள் வீட்டில்தான் பார்க்கலாம். எண் விழாத நோட்டு, மை இழுபட்ட நோட்டு, புதுக் கையெழுத்தோடு வந்த நோட்டு எல்லாம் அதில் உண்டு. எல்லாமே கூடுதல் விலைக்கு வாங்கியவை, ஒன்றுகூடத் தானாகக் கிடைத்ததில்லை. அதனால் நோட்டு சேகரிப்பவர்களின் மாதக் கூட்டத்தில் அவருக்கு ‘ரசீது’ என்று பட்டப்பெயர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அது அவருக்கு உறுத்தும்.

தானாக வந்து சேரும் ஒரே ஒரு அச்சுப் பிழை நோட்டுக்காகப் பதினொரு வருடமாக, நான் கூலிப் பணம் போட்டு வைக்கும் தையல் மேசை இழுப்பறையைத் தினமும் மாலையில் கிளறுவார். கிளறும்போதே பிழை நோட்டுகளைப் பற்றிப் பாடமும் நடத்துவார். நான் மிஷினை மிதித்தபடி உம் கொட்டுவேன், ஒன்றும் காதில் ஏறாது.

போன வியாழன் ஒரு அம்மாள் திரைச்சீலை தைத்த கூலியாகப் புது நோட்டு ஒன்று கொடுத்தார். மடிந்திருந்த மூலையைப் பிரித்தால், ஓரத்தைத் தாண்டி ஒரு முக்கோணம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கையில் கத்தரி இருந்தது. பிசிறு கண்ணில் பட்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. நறுக்கென்று நேராக்கி, நோட்டை இழுப்பறையில் போட்டேன்.

மாலையில் அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் குறுக்காக மடிப்புக் கோடு மட்டும் தெரிந்தது.

“இங்க ஏதாவது நீட்டிட்டு இருந்துச்சா?”

“ஆமா. அசிங்கமா இருந்துச்சு, வெட்டிட்டேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அச்சகத்துல தாளை வெட்டுறப்ப மூலை மடிஞ்சிருக்கு. மடிஞ்ச இடம் வெட்டுப்படாம அப்படி நீட்டிட்டு நின்னிருக்கு. பதினொரு வருஷமா இதத்தான் தேடுறேன்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து ஆறியிருப்பேன். “துண்டு எங்க?” என்று மட்டும் கேட்டார்.

அன்று தரையில் விழுந்த துணி, நூல் துண்டுகளையெல்லாம் கூட்டி, அவருடைய ஓட்டுநர் இருக்கைக்குத் தைத்த குஷனில் திணித்திருந்தேன். முதுகு வலிக்கிறதென்று ஒரு மாதமாகக் கேட்டது அது. தையலைப் பிரித்துத் தரையில் கொட்டினேன். இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒரு மணி நேரம் கழித்து நீல நூல் சிக்கலுக்குள் துண்டு கிடைத்தது.

“ஒட்டிடலாமா?”

“ஒட்டினா கிழிஞ்ச நோட்டு. யாரும் சீந்த மாட்டாங்க.” துண்டை மூலையோடு பொருத்திப் பார்த்தார். “ஆனா ரசீது இல்லாம வந்திருக்கு.”

நோட்டையும் துண்டையும் ஒரே உறையில் போட்டு, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகினார். மற்ற நோட்டுகளின் சீட்டில் வாங்கிய இடமும் விலையும் இருக்கும். இதற்கு, ‘மூலை மடிப்பு. கிடைத்தது என் மனைவிக்கு’ என்று எழுதினார்.

“வெட்டினதும் நான்தான்னு எழுதுங்க,” என்றேன்.

“அச்சகத்துல நடந்ததத்தான் எழுதுவோம்,” என்று பேனாவை மூடினார். “வெளிய நடந்தத எழுதுற பழக்கம் இல்ல.”

குஷனை மறுபடி தைக்க எடுத்தேன். கண் கலங்கியதில் ஊசிக்காது தெரியவில்லை. அவர்தான் நூல் கோத்துக் கொடுத்தார்.