எண்பத்திரண்டு வினாடி

நூறு டிகிரி சூட்டில் கண்ணாடிக் குழாய்க்குள் இஞ்சின் எண்ணெய் இறங்கும் நேரத்தை அவள் ஸ்டாப்வாட்சில் அளந்தாள். எண்பத்திரண்டு வினாடி. புது எண்ணெய் இறங்க நூற்று நாற்பது ஆகும். ஓடிப் பழசானாலும் நூற்று இருபதுக்குக் கீழே போகக் கூடாது. இது தண்ணீராக ஓடுகிறது; இப்படி இருந்தால் இஞ்சின் உராய்ந்து தேயும்.

ஆறு ஆம்புலன்ஸ்களுக்கு எந்த சிந்தெடிக் ஆயில் தாங்கும் என்று பார்க்க நிர்வாகம் வைத்த சோதனை அது. மூன்று வண்டிகளில் பழைய வகை, மூன்றில் புதிய வகை. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் மாதம் ஒரு முறை சின்ன பாட்டிலில் எண்ணெய் வரும். ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது அவள் வேலை. இது நான்காம் வண்டியின் எண்ணெய், புதிய வகை. அந்த வண்டியை ஓட்டுவது அவளுடைய அண்ணன்.

உடனே போனை எடுத்தாள். எடுத்த கை நின்றது. போன மாதம் குழாயைச் சரியாகக் காயவைக்காமல் விட்டதில் கணக்குத் தப்பி, நல்ல வண்டி ஒன்று ஒரு நாள் முழுக்க ஷெட்டில் நின்றது. "உனக்குத் தும்மல் வந்தா வண்டிக்கு ஜுரமா?" என்று ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் கேட்டார். இன்னொரு குழாயை எடுத்து எண்ணெய் நிரப்பி, சூடேறக் காத்திருந்தாள். கால் மணி நேரம் உட்கார முடியவில்லை.

எண்பத்து மூன்று.

அண்ணனை அழைத்தாள். வண்டியில் இருந்த நர்ஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, ஆயில் லைட் எரியுதா?"

"எரியல. வளைவுல திரும்பும்போது லேசா மினுக்கும். ஒரு வாரமா அப்படித்தான். ஃபோர்மேன் சென்சார் கோளாறுன்னாரு."

"இப்ப எங்க இருக்க?"

"மலை ஏறப் போறேன்."

"ஏறாதண்ணா. ஓரமா நிறுத்தி இஞ்சினை அணைச்சிடு."

"பின்னாடி பெரியவர் ஒருத்தர் படுத்திருக்காரு, பாப்பா. ஆக்ஸிஜன் ஓடுது. என்னன்னு சொல்லி நிறுத்த?"

"நடு ஏத்தத்துல இஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்னுச்சுன்னா என்னன்னு சொல்லுவ?"

"வண்டிய எதுக்கு நிறுத்தணும்? யாரு பேசறது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பெரியவரின் மகள்.

"நிச்சயமா சொல்றியா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு தடவை பாத்துட்டேன்." சொன்ன பிறகும் குழாய் நன்றாகக் காய்ந்திருந்ததா என்று மனசு அரித்தது.

இஞ்சின் சத்தம் அடங்கியது. மாற்று வண்டி வர அரை மணி ஆகும் என்றது கட்டுப்பாட்டு அறை. சிலிண்டரில் ஆக்ஸிஜன் நாற்பது நிமிஷத்துக்குத்தான் இருக்கிறது என்றாள் நர்ஸ். ஆய்வகத்தில், கழுவிய குழாயையே அவள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றாலும் போதும், பழி அவள் தலையில்தான்.

முப்பத்து நான்காவது நிமிஷத்தில் அண்ணன் அழைத்தான். "ஏத்தி அனுப்பியாச்சு. பெரியவர் நல்லாத்தான் இருக்காரு. பொண்ணுதான் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டா."

அவள் குழாயை ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் ஷெட்டில் இஞ்சினைப் பிரித்தார்கள். பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. வண்டி அந்த ஏற்றத்தைத் தாண்டியிருக்காது. புதிய எண்ணெய் உதவாது என்று அவள் அறிக்கையில் எழுதியே விட்டிருந்தாள். ஃபோர்மேன் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒழுகியிருக்கு. டீசல் சொட்டுச் சொட்டா ஆயில்ல கலந்திருக்கு. எந்த ஆயிலா இருந்தாலும் இதே கதிதான். நீ ஆயில் மேல பழி போடப் பாத்தியே."

டீசல் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லை. அவளாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

"தப்புதான் சார், திருத்திடறேன்," என்றாள். "ஆனா லைட் மினுக்குதுன்னு எங்கண்ணன் சொன்ன அன்னைக்கே நீங்க வண்டிய நிறுத்தியிருக்கணும்."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதோட வந்த இன்ஜெக்டரை வேற எந்த வண்டில மாட்டினீங்க?"

"ரெண்டாம் வண்டில. ஒரே நாள்ல மாட்டினது."

"அது எங்க?"

"காலைல ஒரு பிரசவ கேஸ் எடுத்துட்டுப் போச்சு."

"டிரைவர் நம்பர் சொல்லுங்க சார்," என்றாள். அவர் சொல்லச் சொல்ல, போனில் அழுத்தினாள்.