பாங்கு சொல்லும்வரை

வெந்நீர்ப் பானைக்குள் சபீனா இலந்தை இலைகளை உருவிப் போட்டுக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்த கைபேசி மீண்டும் அதிர்ந்தது. முன்னறையில் வாப்பாவின் மையித்து வெள்ளைத் துணியின் கீழ்க் கிடந்தது. குளிப்பாட்ட வந்தவர்கள் நீருக்காகக் காத்திருந்தார்கள். ஈரக் கையைத் துடைக்காமலே அவள் கைபேசியை எடுத்தாள்.

“ராத்தா, நான் நிஸ்றா. ஏன் எங்களுக்குப் பொய் சொன்னீங்க?”

நிஸ்றாவும் விஜிதரனும் பல்கலைக்கழகத்தின் அரசறிவியல் துறையில் இறுதி வருட மாணவர்கள்; துறையின் மாணவர் பிரதிநிதிகள். தேர்வு நாட்களில் மண்டப வாசலில் நின்று, உள்ளே செல்லும் இளையவர்களின் கைபேசிகளை வாங்கி வைத்திருப்பார்கள். சபீனாவின் தங்கை அகீலாவின் கைபேசியும் இப்போது நிஸ்றாவிடமே இருந்தது.

காலையில் சபீனாதான் நிஸ்றாவை அழைத்திருந்தாள். வாப்பாவுக்குக் கடுமையாக இருக்கிறது, அகீலாவிடம் சொல்ல வேண்டாம், எழுதி முடிந்ததும் அனுப்பிவிடுங்கள் என்றாள். அப்போதே வாப்பாவின் கண்களை மூடியாகிவிட்டது. அதன்பின் மண்டபத்துக்குள் நுழையுமுன் அகீலாவே அழைத்தாள். “வாப்பா எப்பிடி?” என்று கேட்டாள். “உறங்கிறாரு” என்று சபீனா சொன்னாள். புள்ளைட எக்ஸாமக் குழப்பிராதீங்க என்று வாப்பா முதல் நாள் சொன்னது அவளுக்குப் போதுமான அனுமதியாக இருந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம் என்று அவளாகவே எண்ணியிருந்தாள்.

“ஜனாஸா அறிவித்தல் பேஸ்புக்குல வந்திரிக்கி. பகல் லுஹருக்கு எண்டு போட்டிரிக்கி” என்றாள் நிஸ்றா. “எக்ஸாம் முடிஞ்சு அவ இங்கரிந்து வெளிக்கிட்டா, காத்தான்குடிக்கு வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.”

சபீனாவின் கையிலிருந்த இலைக்கொத்து அடுப்படியில் விழுந்தது.

“தொடங்க முந்தி எங்கக்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருந்தா, ஹெட் சேரோட கதைச்சு வேற நாள் கேட்டிருப்பம். போன வருசமும் ஒரு புள்ளைக்கு வாங்கிக் குடுத்தநாங்க. சுகமில்ல எண்டு சொன்னா நாங்க என்னத்தக் கேக்கிற?”

மறுமுனையில் விஜிதரனின் குரல் குறுக்கிட்டது. “அக்கா, கோவிக்காதீங்க. இப்ப எழுப்பிக் கூட்டி வாறதா, எழுத விடுறதா? வீட்டாக்கள்தான் சொல்லணும். நாங்களா முடிவெடுக்க ஏலாது.”

“எழும்பி வந்தா அந்தப் பாடம் போயிருமா தம்பி?”

“நாங்க கதைக்கிறம். ஆனா உறுதி சொல்ல மாட்டன் அக்கா.”

முன்னறையிலிருந்து இர்ஷாத் மாமா தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார். நீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

“கூட்டி வாங்க” என்றாள் சபீனா.

ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டில் முடிவுகளை உம்மாவின் தம்பியான இர்ஷாத் மாமாவே எடுத்தார். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி முடித்து அவர் வெளியே வந்ததும் சபீனா முன்னால் போய் நின்றாள்.

“மாமா, அகீலா வந்துக்கிட்டிரிக்கா. கொஞ்சம் பொறுங்க.”

“ஜனாஸாவச் சுணக்கப்படா மகள். பள்ளியிலயும் அறிவிச்சாச்சு. நீதானே புள்ள எழுதட்டும் எண்டு சொன்ன?”

“கம்பஸுப் புள்ள வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மையித்து எழும்புமாக்கும்” என்றாள் மூலையிலிருந்த ஸுஹைனா மாமி. யாரும் சிரிக்கவில்லை.

“அவக்கிட்ட நான் பொய் சொல்லிட்டன் மாமா” என்றாள் சபீனா.

மாமா தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“முகத்தக் கட்டாம வைக்கிறன். பாங்கு சொல்லி முடிஞ்சாத் தூக்குவன். அதுக்குப் பிறகு என்னக் கேக்காத.”

சபீனா யன்னலோரத்தில் நின்றாள். ஏறாவூரைத் தாண்டிவிட்டதாக நிஸ்றாவிடமிருந்து செய்தி வந்தது. பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் அவளே அழைத்தாள்.

“கல்லடிப் பாலத்தில நிக்கிறம் ராத்தா. வாகனம் அசையுதில்ல.” நிஸ்றா குரலைத் தாழ்த்தினாள். “ஹோல் வாசல்ல வச்சு நான்தான் சொன்னன். அழல்ல. பேனாட மூடியத் தேடினா. மறுகா ஆட்டோல ஏறிட்டா.”

“ஏதும் கேட்டாவா?”

“இல்ல.”

பள்ளியின் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு தொடங்கியது. முற்றத்துக் கதிரைகளிலிருந்து ஆண்கள் எழுந்தார்கள். மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு வாசலுக்கு வந்தது. ஒவ்வொரு வாசகத்துக்கும் இடையிலிருந்த மௌனத்தில் சபீனா ஒழுங்கையின் திருப்பத்தைப் பார்த்தாள். ஆளில்லாமலே இருந்தது. இறுதி வாசகம் முடிந்தது. மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கபனின் தலைப்பக்கத்துக் கயிற்றைக் கையிலெடுத்தார். எடுத்தவர் உடனே முடிச்சிடவில்லை.

ஆட்டோவின் சத்தம் கேட்டது. அதன் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்த விஜிதரன் வேலியோரம் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள்.

அகீலா உள்ளே வந்து வாப்பாவின் தலைமாட்டில் முழந்தாளிட்டாள். முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் இடது கையை வைத்து எடுத்தாள்.

“எப்ப?” என்று கேட்டாள், பார்வையைத் திருப்பவில்லை.

“விடிய, சுபஹுக்கு” என்றாள் சபீனா.

அகீலா தலையசைத்தாள். “அப்ப நான் கோல் எடுக்கக்குள்ள…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். மாமா குனிந்து முடிச்சிட்டார்.

ஜனாஸா ஒழுங்கையைக் கடந்தது. விஜிதரனும் ஆண்களின் வரிசைக்குப் பின்னால் நடந்து சென்றான். நிஸ்றா, அகீலாவின் கைபேசியைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளறையிலிருந்த உம்மாவிடம் போனாள்.

அப்போதுதான் சபீனா கவனித்தாள். தங்கையின் வலது கை இன்னும் மூடியபடியே இருந்தது. விரல்களுக்கிடையே மூடியில்லாத பேனா; உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீல மை இறங்கியிருந்தது.

சபீனா அடுப்படிக்குச் சென்று, பானையில் மிஞ்சியிருந்த நீரைக் கோப்பையில் வார்த்துக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு இலந்தை இலைகள் மிதந்தன. தங்கையின் அருகே உட்கார்ந்து, “கையத் தா புள்ள, கழுவி விடுறன்” என்றாள்.

அகீலா கையை நீட்டவுமில்லை, இழுத்துக்கொள்ளவுமில்லை. சபீனா கோப்பையை ஏந்தியபடியே இருந்தாள். நீர் ஆறிக்கொண்டிருந்தது.