நாலு ஸ்பீக்கர், ஒரு விசிறி

பாட்டு பாதியில் நின்றது.

“அக்கா! விசிறி!” என்று ஹாலிலிருந்து தம்பி கத்தினான்.

அக்கா அடுப்பைத் தணித்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஹால் அலமாரியின் கீழ்த்தட்டில் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது. சூடு தாங்காமல் தானாகவே அணைந்துபோயிருந்தது. அக்கா அதன் எதிரே தரையில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள்.

மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்த தம்பி மேற்பார்வை பார்த்தான். “மேல இருக்கிற ஓட்டைக்கு விசிறு. பக்கத்துல காத்து போய் என்ன பிரயோஜனம்?”

“கை வலிக்குதுடா.”

“இன்னொரு கை சும்மாதானே இருக்கு?”

சில மாதங்களாக இப்படித்தான். பாட்டு நிற்கும், தம்பி கத்துவான், அக்கா விசிறுவாள், ஆம்ப்ளிஃபயர் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி பாடும். ஒருமுறை வந்திருந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இந்தப் பெட்டி போன ஜென்மத்துல மகாராஜாவா இருந்துச்சா?” என்று கேட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்மா போன பிறகு தம்பி வீட்டுச் சமையலுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படியே காலம் ஓடிவிட்டது. இப்போது தம்பி மனைவிக்கு அவள் தேவைப்படவில்லை. சமையலுக்கு வேறு ஆள் பேசி வைத்துவிட்டாள். ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாக இருப்பதாகவும் விசாரித்து வைத்திருந்தாள். பாக்கி இருந்தது ஒரு காரணம் மட்டும்தான்.

அந்தக் காரணம் ஆம்ப்ளிஃபயர் மேலேயே கிடைத்தது.

அது ஓர் உறை. அக்கா நைலான் நூலில் தானே பின்னியது. நீலத்தில் வெள்ளைப் பூ. பாட்டு ஓடாத நேரத்தில் தூசி படாமலிருக்க மூடி வைப்பாள். அதை ஓடுகிற பெட்டியின் மேல் ஒருநாள் போர்த்தியது தம்பி மனைவி. தோழிகள் வந்திருந்தார்கள், ஹால் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்று அவளே எடுத்துப் போட்டாள். அரை மணியில் நாற்றம் கிளம்பியது. வெள்ளைப் பூ ஒன்று பழுப்பாகி உருகிக் கட்டி தட்டிப்போயிருந்தது.

“பாத்தீங்களா உங்க அக்கா லட்சணத்தை!” என்று உறையைத் தம்பியின் மடியில் போட்டாள். “பாலைப் பொங்க விட்டாங்க, பொறுத்துக்கிட்டேன். இஸ்திரிப் பெட்டியை அணைக்காம தூங்கினாங்க, பொறுத்துக்கிட்டேன். ஒருநாள் வீட்டோட சேத்து நம்மளையும் கொளுத்திட்டு, ‘அய்யோ, மறந்துட்டேனே’ம்பாங்க.”

அதில் இஸ்திரிப் பெட்டி மட்டும் உண்மை.

“நான் போடலை தம்பி. இவதான்…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“அண்ணி! நானா? நான் போட்டேனா?” தம்பி மனைவிக்குக் கண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். “பின்னினது யாரு? தினம் மூடுறது யாரு? மூடாதப்பவும் பெட்டி சூடாகுறதே இந்தத் துணியோட நூல் தூசி உள்ள அடைச்சுக்கிட்டதாலதான். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அவன் வந்து துணி காரணம் இல்லேன்னு சொல்லட்டும், இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். துணிதான்னு சொல்லிட்டான்னா அண்ணி கிளம்பணும். என்ன சொல்றீங்க?”

தம்பி அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு வீட்டில் அமைதி வேண்டும், பாட்டு வேண்டும்.

“சரி. ஃபியூஸ் சொல்றதுதான் முடிவு” என்றான்.

ஃபியூஸ் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாலும் “முதல்ல ஃபியூஸ் பாத்தீங்களா?” என்று கேட்பார், அதனால் வந்த பெயர். கெட்டிக்காரர். அவருடைய கடை இருந்த கட்டடம் தம்பியுடையது.

மறுநாள் காலை ஃபியூஸ் வந்தார். முழங்காலிட்டு மூடியைக் கழற்றினார். தூரிகையால் தூசியைத் தட்டினார். ஃபியூஸ் பார்த்தார். உள்ளே வரிசையாக நின்ற அலுமினியத் தகடுகளில் விரல் வைத்துச் சட்டென்று எடுத்தார்.

“எப்பலேர்ந்து சார் இப்படி?”

“அது கெடக்கு. துணி போட்டு மூடினா சூடாகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லு” என்றாள் தம்பி மனைவி.

“பாக்கறேம்மா. கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் சொல்ல முடியும்.”

அதற்குள் மாடியில் குடியிருப்பவர் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட, தம்பியும் மனைவியும் மேலே போனார்கள். ஹாலில் ஃபியூஸும் அக்காவும் மட்டும் நின்றார்கள். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? தினமும் இதுக்கு விசிறுறவ நான். எனக்குத் தெரியும். ஹால் ஸ்பீக்கர் ரெண்டு மட்டும் பாடினா இது சூடே ஆகாது. படுக்கையறை ஸ்பீக்கரையும் சேத்துப் போட்டாத்தான் கொதிக்குது. அது ரெண்டையும் மாட்டின அன்னிலேர்ந்துதான் இந்தக் கூத்து.”

ஃபியூஸ் பெட்டியைச் சற்றுத் திருப்பினார். பின்பக்கம் கைவிட்டுப் படுக்கையறைக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். பாட்டை நல்ல சத்தத்தில் வைத்தார். டீயைக் குடித்தார். பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. “தொட்டுப் பாருங்க” என்றார். அக்கா தொட்டாள். கை பொறுக்கும் வெதுவெதுப்புதான். ஒயரை மறுபடி மாட்டினார். ஒரு பாட்டு முடிவதற்குள் தகடு சுட்டது.

“நீங்க சொன்னதுதாம்மா சரி. ரெண்டு பேர் போற வண்டியில நாலு பேரை ஏத்தி மேட்டுல ஓட்டினா என்ன ஆகும்? எஞ்சின் கொதிக்கும். அதான் இங்கேயும். இந்தப் பெட்டியால நாலு ஸ்பீக்கரை இழுக்க முடியாது. துணியை மூடினா சூடு கூடும், இல்லேன்னு சொல்லலை. ஆனா நோய் அது இல்லை.”

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப அதை அப்படியே அவன்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

“யார் கொடுத்தது இந்த கனெக்‌ஷன்?”

“தம்பிதான். கல்யாண நாளுக்கு அவளுக்குப் பரிசா வாங்கினான். ‘ஒரு மெக்கானிக்கையும் கூப்பிடலை, நானே சுவத்துல ஓட்டை போட்டேன், நானே ஒயர் இழுத்தேன்’னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவான்.”

ஃபியூஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுவரில் நேர்க்கோடாக ஓடிய ஒயரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாருக்குக் கோவம் ஜாஸ்திம்மா” என்றார்.

“துணிதான்னு நீங்க சொன்னா என்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. உங்க வாயிலதான் இருக்கு.”

“என் கடையும் அவர் வாயிலதான் இருக்கு.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஃபியூஸ் குனிந்தார். படுக்கையறை ஒயரை மறுபடி கழற்றினார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் கிடந்த ஓர் அட்டையால் தகடுகளை வேக வேகமாக விசிறினார். தம்பி உள்ளே வரும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“என்னப்பா ஆச்சு?”

“துணியோட நூல் தூசி உள்ள இருந்துச்சு, எடுத்துட்டேன் சார். இப்ப துணி இல்லாம ஓடுது. இருந்து பாருங்க.”

இருந்து பார்த்தார்கள். இரண்டு பாட்டு ஓடியது. “தொடுங்க சார்” என்றார். தம்பி தொட்டான். மனைவியும் தொட்டாள். அவள் முகத்தில் விளக்குப் போட்டது போலிருந்தது.

“துணிதான் சார்” என்றார் ஃபியூஸ், ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி. “மூடினா சூடு வெளிய போக வழியில்லை. அவ்வளவுதான் விஷயம்.”

“பொய்!” என்றாள் அக்கா. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயரத்துக்கு எழுந்து யாரும் கேட்டதில்லை. “தம்பி, ரூம் ஒயரைக் கழட்டி வச்சிருக்கார்டா. அதை மாட்டிப் பாருடா! நாலு ஸ்பீக்கரை இது தாங்காதுன்னு இவர்தான் இப்ப என்கிட்ட சொன்னார். நீ கொடுத்த கனெக்‌ஷன்தான் தப்பு!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தம்பியின் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், முதலில் காது சிவக்கும். பொம்மையை உடைத்துவிட்டு அக்கா உடைத்தாள் என்று அம்மாவிடம் சொன்ன நாட்களிலும் அந்தக் காது சிவந்துதான் இருந்தது.

“ஏன் ஃபியூஸ், நான் கொடுத்த கனெக்‌ஷன்ல குறை இருக்கா?”

ஃபியூஸ் சுவரைப் பார்த்தார். “குறையா? நூல் பிடிச்ச மாதிரி ஒயர் இழுத்திருக்கீங்க. நானே இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டேன் சார்.”

“அந்த ஒயரைக் கழட்டினியா?”

“செக் பண்றப்போ எல்லாத்தையும்தான் கழட்டுவோம். இதோ மாட்டிடறேன்.” மாட்டினார். பெட்டியை அணைத்தார். மூடியைப் போட்டு முடுக்கினார். “நல்லா ஆறட்டும் சார். அப்புறம் வையுங்க.”

“ஆறக் கூடாது, இப்பவே வை!” என்று அக்கா பெட்டியின் பட்டனுக்குக் கை நீட்டினாள். தம்பி அந்தக் கையைத் தட்டிவிட்டான். பலமாக இல்லை. ஈ ஓட்டுவது போல.

“அண்ணி, வயசான காலத்துல அடுத்தவங்க மேல பழி போடாதீங்க. பாவம் அந்த மனுஷன்” என்றாள் தம்பி மனைவி, தேன் குரலில். “இல்லத்துல நல்ல காத்தோட்டமாம். மத்தியானம் தூங்க விடுவாங்களாம். எனக்கே போகணும்போல இருக்கு.”

“அப்ப நீயே போயேன்” என்றாள் அக்கா.

“பேச்சைப் பாத்தீங்களா?” என்று தம்பி மனைவி கணவனிடம் திரும்பினாள்.

தம்பி யாரையும் பார்க்காமல் சொன்னான். “ஞாயித்துக்கிழமை டாக்சி சொல்லிடறேன்.”

ஃபியூஸ் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர், அக்காவைத் தாண்டும்போது ஏதோ சொல்லியாக வேண்டும் என்று நின்றார்.

“டீ நல்லா இருந்துச்சும்மா” என்றார்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பாட்டு ஓடவில்லை. ஞாயிறு அன்று முழுச் சத்தத்தில் வைத்துக் கொண்டாடலாம் என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள். அதற்காகத் தம்பி இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தான், பால்கனிக்கு.

ஞாயிறு காலை அக்காவின் சாமான்கள் ஒரு பெட்டியிலும் ஒரு துணிப்பையிலும் அடங்கிவிட்டன. தம்பி மனைவி உருகிய உறையைக் கொண்டுவந்து பையில் திணித்தாள். “இதையும் கொண்டுபோயிடுங்க அண்ணி. உங்க ஞாபகமா வச்சுக்கலாம்னா, பாத்தாலே பயமா இருக்கு.” அவள் திரும்பியதும் அக்கா கதவுக்குப் பின்னால் போனாள். ஆணியிலிருந்த விசிறியை எடுத்து, உறைக்குக் கீழே வைத்தாள்.

டாக்சி வந்து நின்றது. தம்பி அவள் பெட்டியைத் தூக்கி வந்தான். அவனுக்குத் தர்மசங்கடமாக இருந்திருக்க வேண்டும், வேறு பேச்சில்லாமல் அதையே பேசினான்.

“இனிமே பயமில்லாம சத்தமா வைக்கலாம், இல்ல அக்கா?”

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு யோசிப்பான். ஒயரைக் கழற்றிப் பார்த்தாலும் பார்ப்பான். நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

“தாராளமா வை தம்பி” என்றாள். “நீ கொடுத்த கனெக்‌ஷனுக்கு என்ன? ரூம், பால்கனி எல்லாத்தையும் சேத்துப் போடு. எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் வை.”

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே!” என்று செல்லமாகக் கடிந்துகொண்டு உள்ளே ஓடினான்.

டிரைவர் பெட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தபோதே பாட்டு ஆரம்பித்தது. ஹாலில், படுக்கையறையில், பால்கனியில். தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. பால்கனியில் தம்பி மனைவி வந்து நின்று, டாக்சியைப் பார்த்துக் கையாட்டினாள்.

பின்பக்கக் கதவு பெட்டிக்கு மேல் சரியாக மூடவில்லை. டிரைவர் கயிறு தேடினார், கட்டினார், அவிழ்த்து மறுபடி கட்டினார். அக்கா பின்சீட்டில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாக ‘டப்’ என்றன. பிறகு ஒன்றுமில்லை. இது வழக்கமாக அணைகிற சத்தம் இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது.

“அக்கா! விசிறி!”

தம்பியின் குரல். அதே அவசரம். அக்காவின் கை தானாகப் போய் டாக்சிக் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலையும் நகர்த்திவிட்டாள். கூப்பிடுகிறான். எதற்காக இருந்தால் என்ன, கூப்பிடுகிறான்.

பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

“அக்கா, போயிட்டியா? சரி சரி, போ” என்றான் தம்பி இரைக்க இரைக்க. “அந்த விசிறியை எங்கே வச்சே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ.”

அக்கா கதவின் பிடியை விட்டாள்.

“ஆணியிலதான் தம்பி” என்றாள். “நல்லா தேடிப் பாரு.”

“போலாமாம்மா?” என்று டிரைவர் ஏறி உட்கார்ந்தார். “ஏ.சி. ரிப்பேர். கொஞ்சம் புழுக்கமா இருக்கும், பரவாயில்லையா?”

“பரவாயில்லைப்பா. என்கிட்ட விசிறி இருக்கு” என்றாள் அக்கா.